ஹாலில் பறக்கும் வைஃபை, படுக்கையறைக்குப் போனால் ஏன் இழுக்கிறது?

பெரும்பாலும் கோளாறு ரவுட்டரில் இல்லை, அதை வைத்த இடத்தில்தான். டிவிக்குப் பின்னாலோ பீரோ மேலேயோ வைத்திருந்தால் முதலில் அங்கிருந்து எடுங்கள். இரும்பும் முகம் பார்க்கும் கண்ணாடியும் சிக்னலைத் திருப்பி அடிக்கும். வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் இருக்கட்டும்.

5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும். உள் அறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் போதும். அடுக்குமாடி வீடென்றால் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதே 2.4-இல்தான் கத்திக்கொண்டிருக்கும். பிரவுசரில் ரவுட்டர் முகவரியைத் (பெரும்பாலும் 192.168.1.1, அடிப்பக்க ஸ்டிக்கரில் இருக்கும்) திறந்து, 2.4-இன் சேனலை (அலைவரிசைக்குள் இருக்கும் தடத்தை) 'ஆட்டோ'விலிருந்து 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றுக்கு மாற்றுங்கள். இந்த மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள்.

அப்படியும் சரிவரவில்லையா? மலிவான ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) வாங்காதீர்கள், அவற்றில் பல வேகத்தைப் பாதியாக்கிவிடும். முதல் ரவுட்டரிலிருந்து கேட்-6 நெட்வொர்க் கேபிள் இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றை உள் அறையில் வையுங்கள். கேபிளை இணைக்கும் முன்பே பழைய ரவுட்டரின் முகவரியை (முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால்) 192.168.1.2 என மாற்றி, அதன் டிஹெச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதியை) அணைத்துவிடுங்கள். பிறகு கேபிளை அதன் வான் (WAN, இன்டர்நெட் இணைப்புக்கான) போர்ட்டில் அல்ல, லான் (LAN, வீட்டுச் சாதனங்களுக்கான) போர்ட்டில் செருகுங்கள். டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் இரண்டு ரவுட்டர்களும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். சில நேரம் வைஃபை இணைந்திருக்கும், இன்டர்நெட் மட்டும் வராது.