அடிக்க ஆள் இருக்கு, நடுவுல நிக்க ஆள் எங்க?

கேள்வி: அண்ணா வணக்கம், நான் குடியாத்தம். அமெரிக்காவுல இருக்கற எங்க மாமா பையனும் நானும் கம்ப்யூட்டர்ல ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுறோம். எந்தக் காலத்து ஆளை வேணும்னாலும் எடுக்கலாம், அவங்க மொத்த கேரியர் கணக்கை வச்சு கம்ப்யூட்டரே மேட்ச் நடத்தும், ஃபீல்டிங்கும் சேர்த்துதான். என் டீம்: கீப்பர் மாதிரி நிக்கற கேட்சர் மைக் பியாஸா, ஃபர்ஸ்ட் பேஸ் லூ கெரிக், செகண்ட் பேஸ் ரோஜர்ஸ் ஹார்ன்ஸ்பி, ஷார்ட்ஸ்டாப் ஹோனஸ் வாக்னர், தேர்ட் பேஸ் மைக் ஷ்மிட். அவுட்ஃபீல்டுல லெஃப்ட்ல டெட் வில்லியம்ஸ், சென்டர்ல பாரி பாண்ட்ஸ், ரைட்ல பேப் ரூத். ஃபீல்டிங் பண்ணாம பேட்டிங் மட்டும் ஆடுற டிஹெச் இடத்துல டேவிட் ஆர்டிஸ். பந்து வீசுற பிட்சர் நோலன் ரயன், கடைசி இன்னிங்ஸுக்கு மேரியானோ ரிவேரா. ஜெயிக்குமா?

பதில்: தம்பி, பேட்டிங்ல கை வைக்க இடமே இல்ல. ரூத் 714 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), பாண்ட்ஸ் 762, ரெண்டு பேரும் ஒரே டீம்ல இருந்தா எந்த பிட்சருக்கும் கை நடுங்கும். ஓடுறதுக்கும் ஆள் இருக்கு, வாக்னர் 700 பேஸுக்கு மேல திருடினவர், அதாவது யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் போனவர், பாண்ட்ஸ் 514.

ஆனா நடு லைனைப் பாருங்க. கேட்சர், செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப், சென்டர் ஃபீல்டு, இந்த நாலு இடத்துலதான் பேஸ்பால் டீமே நிக்குது. நாங்க சின்ன வயசுல பாலாத்து மணல்ல டென்னிஸ் பால் மேட்ச் ஆடுவோம், ஒரு தடவை ஆறு பேர் அடிக்கிற பசங்களா பொறுக்கி எடுத்துட்டு கீப்பிங் நிக்க ஒருத்தனையும் எடுக்கல, பைஸ் போயி போயே தோத்தோம், அந்த வயித்தெரிச்சல் இன்னும் போகல. உங்க டீம்லயும் அதே ஓட்டைதான் இருக்கு.

பாண்ட்ஸ் 8 கோல்டு க்ளவ் (ஃபீல்டிங்குக்குத் தர்ற விருது) வாங்கினது லெஃப்ட்ல. அவரை அங்கயே விடுங்க. சென்டருக்கு வில்லி மேஸ், வேற பேச்சே வேணாம். 660 ஹோம் ரன், 12 கோல்டு க்ளவ், அதுவும் அந்த விருதே அவர் வந்து ஆறு வருஷம் கழிச்சு 1957லதான் ஆரம்பிச்சாங்க. அப்ப வில்லியம்ஸ் எங்க போவாருன்னா டிஹெச்சுக்கு. ஆர்டிஸ் நல்ல ஆளுதான், ஆனா பத்து தடவை பேட் பிடிச்சா கிட்டத்தட்ட அஞ்சு தடவை பேஸுக்குப் போய்ச் சேர்ற வில்லியம்ஸ் இருக்கும்போது ஆர்டிஸை வெளிய உக்கார வைக்கறதுதான் நியாயம்.

இப்ப கேட்சர். பியாஸா அடிப்பாரு, ஆனா பேஸ் திருடுறவனை நிறுத்தற அளவுக்கு அவர் த்ரோ கிடையாது. உங்க கேம்ல ஜாஷ் கிப்சன் பேர் இருந்தா கண்ணை மூடிட்டு எடுங்க. கறுப்பின ஆட்டக்காரங்களை பெரிய லீக்ல சேர்க்காத காலம் அது, அவங்களுக்குன்னு தனி லீக் நடந்துச்சு, அதுலயே ஆடி முடிச்சிட்டார். 1947 ஏப்ரல்ல கறுப்பின ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன் பெரிய லீக்ல ஆடி அந்தக் கதவைத் திறந்தார், கிப்சன் அதுக்கு மூணு மாசம் முன்னாடி ஜனவரியிலயே 35 வயசுல செத்துப் போயிட்டார். 2024லதான் அந்த லீக் கணக்கையெல்லாம் மேஜர் லீக் ரெக்கார்டுல சேர்த்தாங்க, சேர்த்ததும் கேரியர் ஆவரேஜ்ல (அடிக்கப் போன தடவைல எத்தனை ஹிட்னு கணக்கு) .372 எடுத்து, அதுவரைக்கும் முதல்ல இருந்த டை காப்பையே தாண்டி முதல் இடத்துல வந்து நின்னாரு. எல்லாக் காலத்துக்குமான டீம்னு சொல்லிட்டு அவரை விட்டா எனக்கு மனசு ஒப்பாது. லிஸ்ட்ல இல்லைன்னா ஜானி பெஞ்ச், தொடர்ந்து 10 கோல்டு க்ளவ்.

ரயன் 5714 ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக் வாங்கி பேட்ஸ்மேன் அவுட் ஆகறது), சரி, ஆனா சும்மா பேஸுக்கு அனுப்பின வாக் 2795, அதுவும் ரெக்கார்டுதான். பெட்ரோ மார்டினெஸ் எடுங்க. பேட்ஸ்மேன்க ராஜ்ஜியம் பண்ண 2000ஆம் வருஷத்துல ஒம்பது இன்னிங்ஸுக்கு 1.74 ரன்தான் கொடுத்தாரு, அவர் லீக்ல சராசரி அஞ்சு கிட்ட போச்சு. ரிவேரா அப்படியே இருக்கட்டும்.

கேள்வி: பேஸ்பால்ல ஆவரேஜ் .300 இருந்தா பெரிய ஆளுங்கறாங்க, அதாவது பத்துல ஏழு தடவை ஃபெயில். இதுல இன்னா பெருமை? (காட்பாடி வாசகி)

பதில்: அம்மா, கிரிக்கெட்ல கட்டை போட்டுட்டு நாள் பூரா நிக்கலாம், அங்க மூணு ஸ்ட்ரைக், அதாவது வீசி தவறவிட்டதோ அடிக்காம விட்ட நல்ல பந்தோ மூணு ஆனா வெளிய. அடிச்ச பந்து கோட்டுக்கு உள்பக்கம் விழுந்தா ஓடியே ஆகணும், பேட்டும் உருண்டை. அதான் கஷ்டம். 1941 சீசன் கடைசி நாள் காலைல டெட் வில்லியம்ஸ் ஆவரேஜ் .39955, ஆடாம உக்காந்திருந்தாலே .400னு எழுதியிருப்பாங்க. உக்காரல, அன்னைக்கு இருந்த ரெண்டு மேட்சும் ஆடினாரு, 8 தடவைல 6 ஹிட், .406ல முடிச்சாரு.