பேஸ்பால் கார்டு: நீங்க கேட்டது, எனக்குத் தெரிஞ்சது

நியூ ஜெர்சில இருந்துகிட்டு பல வருஷமா பேஸ்பால் கார்டு சேக்கறேன், முக்கியமா 60, 70கள்ல டாப்ஸ் கம்பெனி போட்ட பழைய கார்டு. சந்தேகம் இருந்தா கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொன்னேன், கேள்வியா கொட்டிடுச்சு. ஒரே மாதிரி இருந்ததை ஒண்ணா சேத்துட்டேன், வரிசை எல்லாம் பாக்கல.

கேள்வி (எடிசன்): அண்ணா, நாங்க வாங்கின வீட்டு அட்டிக்ல பழைய ஓனர் ரெண்டு பெட்டி நிறைய கார்டு விட்டுட்டுப் போயிருக்கார், கேட்டா நீங்களே வச்சுக்கோங்கன்னுட்டார். எல்லாம் 1987லேர்ந்து 1991 வரைக்கும். வித்தா கார் வாங்கலாமா?

பதில்: கார் வேணாம் தம்பி, இருக்கற காருக்கு ஒரு தடவை பெட்ரோல் போடலாம். அந்தக் காலத்து கார்டுக்கு ஜங்க் வேக்ஸ்னே பேரு, ஜங்க்னா குப்பை, வேக்ஸ்னா கார்டு வந்த மெழுகுத்தாள் உறை. 50கள்ல வந்த கார்டெல்லாம் வீட்டு அம்மாக்கள் குப்பைல போட்டதால கிடைக்காம போயி 80கள்ல யானை விலை குதிரை விலைன்னு ஏறுச்சு, அதைப் பாத்து ஊர்ல இருந்த அத்தனை பேரும் பொட்டி பொட்டியா வாங்கி பிரிக்காம பரண்ல ஏத்தி வச்சாங்க, டாப்ஸ், ஃப்ளீர், டான்ரஸ், ஸ்கோர், அப்பர் டெக்னு கார்டு கம்பெனி எல்லாரும் மெஷினை நிறுத்தாம அடிச்சுத் தள்ளினாங்க. எல்லார் வீட்லயும் இருக்கு, யார் வாங்குவா?

அதுக்காக கண்ணை மூடிட்டு தூக்கிப் போட்றாதீங்க. 1989 அப்பர் டெக் இருந்தா முதல் நம்பர் கார்டு கென் கிரிஃபி ஜூனியரோட ரூக்கி, அதாவது ஆட வந்த புதுசுல வந்த கார்டு, அதுக்கு இன்னிக்கும் ஆள் இருக்கு. 1990 டாப்ஸ்ல ஃபிராங்க் தாமஸ் கார்டு முன்பக்கம் பேர் அச்சாகாம வந்திருந்தா உடனே எனக்கு போட்டோ அனுப்புங்க. அப்பறம் 1989 ஃப்ளீர்ல பில்லி ரிப்கன் கார்டு. அவர் கையில இருக்கற பேட்டோட அடிக்கட்டைல மார்க்கர்ல ஒரு கெட்ட வார்த்தை எழுதியிருக்கும், அப்படியே அச்சாகி வெளிய வந்துடுச்சு, அப்பறம் அலறி அடிச்சு கறுப்புக் கட்டம், வெள்ளைப் பூச்சு, கிறுக்கல்னு விதவிதமா மறைச்சாங்க, இப்ப அந்த மறைச்ச கார்டையும் வகை வகையா சேக்கறவங்க இருக்காங்க. பிராக்டிஸ் பேட் அடையாளம் தெரியறதுக்காக நான்தான் எழுதினேன்னு அவரே 2008ல ஒத்துக்கிட்டார்.

இன்னொண்ணு, டாப்ஸ் பாக்கெட்ல 1991 வரைக்கும் பபிள் கம் உண்டு. பிரிக்காத பாக்கெட் இருந்தா அந்த கம்மை வாயில வச்சுடாதீங்க, அது ஓடு மாதிரி ஆயிருக்கும். அதை ஒட்டி இருந்த கார்டோட பின்னாடி பழுப்புக் கறை நீளமா, அதே அளவுல இருக்கும், அது போகாது.

கேள்வி (ஃப்ரீமான்ட்): சார், என் பையனுக்கு 9 வயசு. டார்கெட் போனாலே பாக்கெட் வேணும்ங்கறான். வந்த மூஞ்சியே திருப்பித் திருப்பி வருது, செட்டு முடியவே மாட்டேங்குது. இதுல ஏதாவது சூது இருக்கா? பத்தாததுக்கு யாரோ ஒரு பையனுக்கு மில்லியன் டாலர் கார்டு வந்துதாமே, அதையே சொல்லிட்டு இருக்கான்.

பதில்: சூது இல்லம்மா, வெறும் கணக்கு. 2024 டாப்ஸ் சீரீஸ் 1ல 350 கார்டு. ஒவ்வொண்ணும் குலுக்கல்ல வர்ற மாதிரி வந்தா மொத்த செட்டும் சேர சராசரியா 2,250 கார்டு கிட்ட பிரிக்கணும். கடைசியா பாக்கி நிக்கற ஒத்தைக் கார்டுக்கு மட்டுமே சராசரி 350! நிஜத்துல பாக்கெட்டை அடுக்கி விக்கற ஒரே பொட்டிக்குள்ள டூப்ளிகேட் கம்மியாத்தான் வரும், அதனால இவ்ளோ மோசம் இல்ல, ஆனா ரெண்டாவது பொட்டிலேர்ந்து வயித்தெரிச்சல்தான். பிப்ரவரில புது செட்டு வரும்போது ஒரே ஒரு பொட்டி வாங்கி அவன்கூட உக்காந்து பிரிங்க. பாக்கி நம்பரை ஒரு பேப்பர்ல எழுதி பையன் கைல குடுத்துடுங்க, கார்டு ஷோன்னு கார்டு விக்கறவங்க கூடற சந்தைல பெட்டி பெட்டியா வச்சிருப்பாங்க, அவனே தேடி எடுத்து பேப்பர்ல அடிச்சுக்கட்டும். நட்சத்திர ஆட்டக்காரர் இல்லாத சாதா கார்டு சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பாக்கெட் பிரிக்கறதுல இல்லாத ஒரு சுகம் இந்தத் தேடல்ல இருக்கு, பசங்களுக்கு அது சீக்கிரமே புரிஞ்சுடும், பெரியவங்களுக்குத்தான் லேட்டாகும்.

அந்த மில்லியன் கதை உண்மைதான். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் 11 வயசுப் பையன், 2024 கிறிஸ்துமஸுக்கு வந்த பாக்கெட்ல பால் ஸ்கீன்ஸ்ங்கற பிட்ச்சர் கையெழுத்து போட்ட கார்டு, அவர் முதல் மேட்ச்ல போட்டிருந்த ஜெர்சிலேர்ந்து எடுத்த பேட்ச்சோட, உலகத்துலயே ஒண்ணுதான். அவரோட டீம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் 30 வருஷத்துக்கு சீசன் டிக்கெட் தர்றோம்னு கேட்டும் குடும்பம் குடுக்கல, 2025 மார்ச்ல ஏலத்துல 11 லட்சம் டாலருக்கு மேல போச்சு. பையன்கிட்ட கதையை தாராளமா சொல்லுங்க. கூடவே அப்படி ஒரு கார்டுதான் அடிச்சாங்கங்கறதையும் சேத்துச் சொல்லுங்க.

கேள்வி (டல்லாஸ்): ப்ரோ, 1952 மிக்கி மேன்டில் கார்டை ஒருத்தர் 200 டாலருக்கு குடுக்கறார், தாத்தாவோடதுங்கறார். வாங்கலாமா?

பதில்: ஓடிடுங்க. மேன்டில் நியூயார்க் யாங்கீஸ் டீமோட அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார், அந்தக் கார்டு 1952 டாப்ஸ் செட்டுல 311ஆம் நம்பர், நல்லா இருந்த ஒண்ணு 2022ல 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போன சரக்கு. அடிபட்டு, மடிஞ்சு, மூலை தேஞ்சு போனதே பல ஆயிரம் டாலர். 200க்கு எந்தத் தாத்தாவும் விட மாட்டார்.

1952ல பின்பாதில வந்த கார்டெல்லாம் விக்காம கிடங்குல தேங்கிடுச்சு, 1960ல டாப்ஸ் கம்பெனியோட சை பெர்கர் அதை பார்ஜ் படகுல ஏத்திட்டு எங்க நியூ ஜெர்சி கடலோரம் தாண்டிப் போயி அட்லான்டிக்ல கொட்டிட்டு வந்தார். பீச்சுக்குப் போறப்பல்லாம் எனக்கு இதே நெனப்புதான், வீட்ல திட்டு வாங்குவேன்.

கையில குடுத்தா ஒரு ஸ்கேல் எடுத்து அளங்க. 1952 அசல் கார்டு இப்ப வர்றதைவிடப் பெருசு, ரெண்டே முக்கால் இஞ்ச்சுக்கு கொஞ்சம் கம்மி அகலம், மூணே முக்கால் உயரம். 1983ல டாப்ஸே ரீப்ரின்ட் விட்டாங்க, அது இப்போதைய சைஸ், ரெண்டரைக்கு மூணரை. அளவு சரியா இருந்துட்டா மட்டும் அசல்னு நெனைக்காதீங்க, போலி பண்றவனும் ஸ்கேல் வச்சிருக்கான். வாங்கறதா இருந்தா கிரேடிங் பண்ணி, அதாவது ஒரு கம்பெனி கார்டோட நிலைமையைப் பாத்து 10க்கு மார்க் போட்டு, பிளாஸ்டிக்ல சீல் வச்சது, அதுவும் கம்பெனி சைட்ல சர்டிஃபிகேட் நம்பரைப் போட்டுப் பாத்துட்டு.

சீல் வச்சதுலயும் கூத்து நடந்திருக்கு. 1909லேர்ந்து 1911 வரைக்கும் சிகரெட் பாக்கெட்ல வந்த, ஹோனஸ் வாக்னர்ங்கற பழைய ஆட்டக்காரரோட கார்டுல ரொம்பப் பேர் போன ஒண்ணு, ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு காலத்துல வச்சிருந்தது, 8 கிரேடு வாங்கினது. ஓரத்தை வெட்டி நேராக்கினது நான்தான்னு ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013ல கோர்ட்ல ஒத்துக்கிட்டார். அப்பவும் அதோட மவுசு குறையலங்கறதுதான் வேடிக்கை!

கேள்வி (சியாட்டில்): புது கார்டு எல்லாத்தையும் கிரேடிங்குக்கு அனுப்பணுமா?

பதில்: அனுப்பறதுக்கு முன்னாடி டேபிள் லைட்டுக்கு அடில கார்டை சாய்ச்சு மெதுவா திருப்பிப் பாருங்க. மூலைல வெள்ளையா ஒரு பொட்டு, மேல மயிரிழை மாதிரி ஒரு கோடு, ஒரு பக்க பார்டர் இன்னொரு பக்கத்தைவிட குண்டு, இதுல எது இருந்தாலும் 10 வராது. புது கார்டுல 10 வரலன்னா பாதிக்கு மேல கார்டுக்கு கிரேடிங் செலவே தேறாது. எனக்குத் தனிப்பட்ட முறைல அந்த பிளாஸ்டிக் பொட்டிக்குள்ள அடைச்சு வைக்கறது பிடிக்காது, பின்னாடி திருப்பி புள்ளி விவரம் படிக்கறதே ஒரு வேலையா ஆயிடுது. விலை உசந்த பழைய கார்டுக்கு மட்டும் சரி.

கேள்வி (அட்லாண்டா): எங்க வீட்டுக்காரர் சேக்கறார், பேஸ்மென்ட் முழுக்க இதான். நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு, கெடாம எப்படி வைக்கறது? அவரைக் கேட்டா "பாத்துக்கறேன்"ங்கறார்.

பதில்: அவர் பாத்துக்க மாட்டார், நீங்கதான் பாக்கணும். அட்லாண்டா ஈரத்துக்கு பேஸ்மென்ட் ஆகவே ஆகாது, பளபளப்பு கார்டெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி செங்கல் மாதிரி ஆயிடும், 90கள்ல வந்தது ரொம்ப மோசம், பிரிச்சா படம் உரிஞ்சு வரும். மேல ஏதாவது ஒரு குளோசட்டுக்கு மாத்தச் சொல்லுங்க. ரப்பர் பேண்ட் கண்ணுல பட்டா எடுத்து வீசுங்க. பிளாஸ்டிக் வாசனை தூக்கலா அடிக்கற பழைய ஆல்பம் ஷீட்டையும் மாத்திடுங்க, அது பிவிசி பிளாஸ்டிக், கார்டைக் கெடுக்கும்.

நல்ல கார்டை முதல்ல பென்னி ஸ்லீவ்ங்கற மெல்லிசான பிளாஸ்டிக் உறைல போட்டு, அப்பறம்தான் டாப் லோடர்ங்கற கெட்டி உறை. அந்த ஸ்லீவ் வாய்லதான் மூலை இடிச்சு மழுங்கும், அதனால ஸ்லீவோட ஒரு மேல் மூலையை கத்திரிக்கோலால குறுக்கால சின்னதா வெட்டிக்கோங்க, கார்டு வழுக்கிட்டு இறங்கும். தபால்ல அனுப்பும்போது டாப் லோடர் வாயில செல்லோ டேப் ஒட்டாதீங்கன்னு அவர்கிட்ட சொல்லுங்க, பிரிக்கறவன் சபிப்பான். பெயின்ட் அடிக்கறப்ப ஒட்டற நீல டேப், நுனியை மடிச்சு விட்டு.

கேள்வி (சிகாகோ): கையெழுத்து கார்டு வரும்னு பாத்தா ரிடெம்ஷன்னு ஒரு சீட்டு வந்துது. மாசக்கணக்கா வெயிட்டிங்.

பதில்: கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. ஆட்டக்காரர் நேரத்துக்கு கையெழுத்து போட்டுத் தரலன்னா இப்படித்தான் சீட்டை வச்சு பாக்கெட்டை மூடிடுவாங்க. சீட்டுல இருக்கற கோட் நம்பரை கம்பெனி சைட்ல போட்டுட்டு மறந்துடுங்க, காலாவதி தேதி தாண்டாம பாத்துக்கோங்க. எனக்கு இந்தப் பழக்கம் மேல தீராத கோவம், அதைப் பத்தி தனியா ஒரு நாள்.

கேள்வி (சென்னை): அண்ணே, சின்ன வயசுல பிக் ஃபன் பபிள் கம்ல வந்த கிரிக்கெட் கார்டு சேத்த ஆளு நான். அடுத்த மாசம் டெட்ராய்ட்ல தங்கச்சி வீட்டுக்கு வரேன். பேஸ்பால் சுத்தமா தெரியாது, 20 டாலர் வச்சு ஆரம்பிக்கலாமா?

பதில்: தாராளமா. மாலுக்குப் போயி புது பாக்கெட் வாங்கி 20ஐயும் கரைச்சுடாதீங்க. பக்கத்துல கார்டு ஷோ எங்க நடக்குதுன்னு தங்கச்சியை பாக்கச் சொல்லுங்க, பெரும்பாலும் சனி ஞாயிறுல ஹோட்டல் ஹால்லயோ சர்ச் ஹால்லயோ இருக்கும். உள்ள போனதும் கண்ணாடிப் பொட்டி பக்கம் நிக்காம மேஜைல "எது எடுத்தாலும் ஒரு டாலர்"னு இருக்கற அட்டைப் பொட்டிக்குப் போங்க. 1975 டாப்ஸ் தேடுங்க, பார்டர் ரெண்டு கலர்ல இருக்கும், மஞ்சளும் சிவப்பும், பச்சையும் ஊதாவும்னு திருவிழாக் கடை மாதிரி. மடிப்பு விழுந்ததா இருந்தாலும் எடுங்க, விலை கம்மி, பாக்க அழகு அதேதான். டெட்ராய்ட் டைகர்ஸ் ஆளுங்களா பொறுக்கினா தங்கச்சி வீட்ல பேச்சுக்கு ஆச்சு. பின்பக்கம் அந்த ஆள் வருஷா வருஷம் என்ன அடிச்சான்னு மொத்த வரலாறும் இருக்கும், ஹோம் ரன் எது, ஆவரேஜ் எதுன்னு அதைப் படிச்சே பாதி ஆட்டம் புரிஞ்சுடும். அஞ்சு பத்து சேந்து எடுத்தா கேக்காமலே விலை குறைப்பாங்க, குறைக்கலன்னா நம்ம ஊர்ல கேக்கற மாதிரி கேளுங்க, அங்க அது தப்பில்ல. கேஷா எடுத்துட்டுப் போங்க.