கொடுவா மீன்மேல் சீஸ் மொறுமொறுப்பாக வர

வணக்கம். பழையாறு மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கிய கொடுவாத் துண்டுகளின்மேல் மொசரெல்லா சீஸும் ரொட்டித்தூளும் தூவி, ஓடிஜி (OTG) எனும் மின்னடுப்பில் 180 டிகிரி செல்சியஸில் அரைமணி நேரம் வைத்தும் மேற்பரப்பு சொதசொதவென்று ஆகித் தட்டில் தண்ணீர் தேங்கியதாக எழுதியிருந்தீர்கள். மீனைக் குறை சொல்ல வேண்டாம். கொடுவாவின் கெட்டியான வெள்ளைச் சதை இதற்கு மிகவும் ஏற்றது. மீனும் மொசரெல்லாவும் விட்ட நீர், சூடு போதாமல் ஆவியாகாது நின்று, ரொட்டித்தூளை ஊறவைத்துவிட்டது.

துண்டுகளில் உப்பை அளவாகத் தடவி (சீஸிலும் உப்பு உண்டு) கால்மணி நேரம் வைத்து, கசியும் நீரை, விரலில் ஈரம் ஒட்டாத அளவுக்குப் பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்; என் அனுபவத்தில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. ரொட்டித்தூளை வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து, ஆறியபின் மொசரெல்லாவுக்குப் பதிலாகத் துருவிய செடார் சீஸ், நசுக்கிய பூண்டு, மிளகுத்தூள் ஆகியவற்றுடன் கலந்து, மயோனைஸ் மெல்லியதாகத் தடவிய மீன்மேல் அழுத்திவிடுங்கள். எலுமிச்சையைப் பரிமாறும்போது பிழிந்தால் போதும்.

ஓடிஜியை 220 டிகிரிக்கு முன்பே சூடாக்கி மேல் அடுக்கில் வைத்தால், ஓர் அங்குலக் கனமுள்ள துண்டு 12 முதல் 15 நிமிடத்தில் வெந்து, முள்கரண்டி பட்டதும் சதை இதழ் இதழாகப் பிரியும். மேற்புறம் அதற்குள் சிவக்கவில்லையெனில், கடைசி 2 நிமிடங்கள் ஓடிஜியின் மேற்பக்கச் சூட்டுக்கம்பியை மட்டும் சூடாக்குங்கள்.