கேளுங்கள், கணக்குப் பார்ப்போம்

கேள்வி: 4294967297 பகா எண்தானா? 100க்குள் இருக்கும் பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், ஒன்றிலும் மீதியில்லாமல் வகுபடவில்லை. இன்னும் எதுவரை போக வேண்டும்?

பதில்: 641 வரை. 641 × 6700417 என்று அழகாக உடைந்துவிடும். ஆனால் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், 17ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஃபெர்மாவே இதில் ஏமாந்தவர்தான்! 2இன் 1, 2, 4, 8, 16ஆம் அடுக்குகளோடு 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 வரும், ஐந்தும் பகா எண்கள். அடுத்தது 32ஆம் அடுக்கு, அதாவது உங்கள் எண், அதுவும் அப்படித்தான் இருக்கும் என்று அவர் நம்பினார். 1732இல் இன்னொரு கணித மேதையான ஆய்லர் 641ஐ எடுத்து நீட்டிவிட்டார்.

பகா எண்ணாக இல்லாத எதற்கும் வர்க்கமூலத்துக்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீரும். இதன் வர்க்கமூலம் 65536ஐ ஒட்டி வருகிறது, அதுவரை 6542 பகா எண்கள் இருக்கின்றன, வரிசையாக வகுக்க உட்கார்ந்தால் விடிந்துவிடும். ஆய்லர் செய்த காரியம் வேறு. இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால் அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1தான் வர வேண்டும் என்று நிரூபித்தார். அந்தச் சல்லடையில் தங்குபவை 193, 257, 449, 577, அப்புறம் 641. ஐந்தாவதிலேயே ஆள் சிக்கிவிட்டது.

வகுக்காமலே சரிபார்க்கவும் வழி உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். 641 என்பது 5 × 128 + 1, அதே 641 தான் 625 + 16உம். முதல் வடிவத்தின்படி, 641ஆல் வகுத்து மீதியை மட்டும் பார்த்தால் 5 × 128க்குப் பதில் −1 போடலாம். 128 என்பது 2இன் 7ஆம் அடுக்கு, எனவே இதை நான்காம் அடுக்குக்கு ஏற்றுங்கள், 625 பெருக்கல் 2இன் 28ஆம் அடுக்கு என்பது 1 ஆகிவிடும். இரண்டாம் வடிவத்தின்படி 625க்குப் பதில் −16, அதாவது கழித்தல் 2இன் 4ஆம் அடுக்கு. சேர்த்தால் 2இன் 32ஆம் அடுக்கு −1 ஆகிறது, 1 கூட்டினால் பூஜ்யம். முடிந்தது கணக்கு.

கேள்வி: சரி, இதன் அக்கம்பக்கத்து எண்களில் ஏதாவது விசேஷம்?

பதில்: இரண்டைக் கழியுங்கள். 4294967295 வரும், கணினியில் 32 பிட்டுக்குள் அடங்கும் மிகப்பெரிய முழு எண் அது. காரணிப்படுத்தினால் 3 × 5 × 17 × 257 × 65537, மேலே சொன்ன அதே ஐந்து பேர்! இந்த வகைப் பகா எண்களுக்கு ஃபெர்மா பகா எண்கள் என்று பெயர். வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருப்பதால், கவராயமும் அளவுகோலும் மட்டும் வைத்து, கொள்கையளவில், 4294967295 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை வரைய முடியும். ஒற்றைப்படைப் பக்கங்களில் இதைவிடப் பெரியது வேண்டுமென்றால் ஆறாவதாக ஒரு ஃபெர்மா பகா எண் வேண்டும், அது இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.