தாத்தாவின் சிகரெட்

அன்புள்ள ஐயா,

என் தாத்தா 90 வயது வரை சிகரெட் பிடித்தார். நோய் நொடியின்றிப் போனார். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத என் சித்தி நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். எல்லாம் மரபணுவில் எழுதியபடிதான் நடக்கும் என்றால், நான் மட்டும் ஏன் புகைப்பதை விட வேண்டும்?

கா.

அன்புள்ள கா.,

சித்தியின் இழப்பு உங்களை எவ்வளவு உலுக்கியிருக்கிறது என்பது கடிதத்தில் தெரிகிறது. ஆனால் அவருடைய நோயைப் பிறப்பிலேயே எழுதப்பட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். புகைக்காதவர்களின் கட்டிகளில் அடிக்கடி காணப்படும், இஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றம், அநேகமாக எப்போதும் வாழ்நாளில் ஏதோ ஒரு நுரையீரல் செல்லில் நேர்வது, பரம்பரையாக வருவதல்ல. அப்படி மாறிய செல்கள் ஆரோக்கியமான நுரையீரலிலும் உறங்கிக் கிடக்கின்றன. மாசுக் காற்றின் நுண்துகள்கள் உண்டாக்கும் அழற்சி அவற்றைத் தட்டி எழுப்பக்கூடும் என்று 2023இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

பரம்பரைக்குப் பங்கே இல்லையா? உண்டு. 2008இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே தேடி, 15ஆம் குரோமோசோமில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே இருப்பவை நிகோடினைப் பற்றிக்கொள்ளும் புரதங்களுக்கான மரபணுக்கள். அந்த இடத்தில் குறிப்பிட்ட மாற்றம் உள்ளவர், புகைக்கத் தொடங்கினால் கூடுதலாகப் புகைக்கிறார். விடுவதற்கும் அதிகம் திணறுகிறார். புகைக்காதவரிடம் அதே மாற்றம் பெரும்பாலும் சும்மாவே இருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற வேதிப்பொருளைப் பாருங்கள். உள்ளே நுழையும்போது அது டிஎன்ஏவை ஒன்றும் செய்வதில்லை. அதை வெளியேற்ற நம் நொதிகள் உருமாற்றும்போதுதான் நடுவழியில் அதற்குப் பல் முளைக்கிறது. டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானினில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் பிரியும்போது அந்த எழுத்து தவறாகப் படியெடுக்கப்படுகிறது. இந்த நச்சை முறிக்க உதவும் ஜிஎஸ்டிஎம்1 என்ற மரபணு பலரிடம் பிறவியிலேயே கிடையாது. அதன் தனிப்பட்ட விளைவு சிறியதுதான். ஆனால் இப்படிச் சிறு வேறுபாடுகள் பல உண்டு. எது யாரிடம் இருக்கிறது என்று நெஞ்சைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது.

தாத்தாவின் மரபணுக்களில் உங்களுக்கு வந்தது ஏறத்தாழ கால் பங்கு. அவரைக் காத்தது மரபணுதான் என்றே வைத்துக்கொண்டாலும், அது அந்தக் கால் பங்கில் இருக்கிறதா?

விட்டு 10 ஆண்டுகளானால், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிடும்போது நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது. தயவுசெய்து விட்டுவிடுங்கள். எந்தத் தேதியில் விட்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.