"வீட்ல வாய் ஓயாது, கிளாஸ்ல வாயே திறக்க மாட்டான்": டீச்சரிடம் கேட்டவை

மும்பை தாராவியில் தமிழ் வழி முனிசிபல் பள்ளிகளில் 31 வருடம் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவள் நான். பொங்கலன்று 90 அடி ரோட்டில் பானை வைத்துக்கொண்டிருந்தபோது, "பிள்ளைங்க மனசப் பத்தி உங்ககிட்ட நிறைய கேட்கணும் டீச்சர்" என்று நாலைந்து பேர் பிடித்துக்கொண்டீர்கள். எழுதி அனுப்புங்கள் என்றேன், வந்து குவிந்துவிட்டது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன். எந்தப் பிள்ளை என்று அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டேன்.

சயன் கோலிவாடா, மூன்றாம் வகுப்பு ஆசிரியை: என் கிளாஸ்ல ஒரு பையன், ஜூன்ல சேர்ந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசல. அவங்க அம்மாகிட்ட கேட்டா வீட்ல வாய் ஓயாதுன்னு சொல்றாங்க. என்னை ஏமாத்துறானா டீச்சர்?

இல்லைம்மா. வீட்டில் கடகடவென்று பேசும் பிள்ளைக்குப் பள்ளிப் படி ஏறியதும் தொண்டை அடைத்துக்கொள்வது பதற்றத்தால். அடத்தில் சேர்க்காதீர்கள்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். இடைவேளையில் தமிழ் தெரிந்த சேக்காளியிடமாவது பேசுகிறானா? பேசினால் இது மொழிச் சிக்கலாக இருக்கலாம். வீட்டு மொழி ஒன்று, வகுப்பு மொழி வேறு என்று புது மொழிக்குள் விழுந்த பிள்ளை சில மாதம் காதை மட்டும் திறந்து வைத்திருக்கும், வாய் பிறகுதான் திறக்கும். தமிழில்கூட பள்ளிக்குள் யாரிடமும் பேசவில்லை, பள்ளி திறந்த முதல் மாதமும் தாண்டி வெகுநாள் ஆகிவிட்டது என்றால், மருத்துவர்கள் 'செலக்டிவ் மியூட்டிசம்' என்று சொல்லும் நிலையா என்று பார்க்க வேண்டும். சயன் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். அம்மாவிடம் 'மனநலம்' என்ற சொல்லைப் பக்குவமாகச் சொல்லுங்கள், பயந்துவிடுவார்கள்.

வகுப்பில் நீங்கள் செய்யக்கூடியது: தலையசைப்பு, விரல் நீட்டுவது, சிலேட்டில் எழுதிக் காட்டுவது, இவை எல்லாவற்றையும் பதிலாக ஏற்றுக்கொள்ளுங்கள். கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தது ஏறக்குறைய ஒரு நொடிதான். அதையே மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். நம் வகுப்பில் மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அவன் முதல் வார்த்தை பேசும் நாளில் தயவுசெய்து வகுப்பைக் கைதட்டச் சொல்லாதீர்கள். மற்றவர் பதிலுக்குத் தலையாட்டுவது போலத் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்பதுதானே அவன் பயமே.

தாராவி, ஒரு அப்பா: டீச்சர், எம்மவ ஏழாவது வரைக்கும் தமிழ்ல படிச்சா, கிளாஸ்ல முதல் அஞ்சு பேர்ல ஒருத்தி. எட்டாவதுக்கு இங்கிலீஷ் மீடியத்துல போட்டோம். இப்ப தினம் அழுறா. "எனக்கு மூளையே இல்லப்பா"ங்கா. நாங்க தப்பு பண்ணிட்டமா?

அண்ணாச்சி, இந்தக் கேள்விக்கு 31 வருடமும் பதில் சொல்லியிருக்கிறேன். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, அதில் தமிழும் ஒன்று. ஆனால் மேல் வகுப்பில் பலருக்கு மொழி மாறிவிடுகிறது. உடம்பிலும் மனசிலும் எல்லாம் மாறுகிற அதே 12, 13 வயதில்! நீங்கள் தப்புப் பண்ணவில்லை. ஆனால் பிள்ளை எதை இழந்து அழுகிறாள் என்பது நமக்குத் தெரிய வேண்டும். மதிப்பெண் போனது இரண்டாவது. 'படிக்கிற பிள்ளை' என்று தனக்கு இருந்த பெயர் போய்விட்டதே, அதுதான் முதல் துக்கம்.

அவளிடம் 'ஒளிச்சேர்க்கை என்றால் என்ன?' என்று தமிழில் கேளுங்கள். இலை, வெயில், தண்ணீர், பச்சையம் என்று பொழிவாள். நம் சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது: ஒளியைக் கொண்டு சேர்ப்பது. அதையே 'போட்டோசிந்தசிஸ்' என்று கேட்டதும் முழிக்கிறாள். அறிவு உள்ளே பத்திரமாக இருக்கிறது, வெளியே வரும் வாசலின் பூட்டுதான் மாறியிருக்கிறது. இதை அவளுக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். "நீ கெட்டிக்காரிதான்" என்று நூறு தடவை சொன்னாலும் நம்ப மாட்டாள்.

நான் செய்ய வைத்தது இது. நாற்பது பக்க நோட்டு ஒன்று, நடுவில் கோடு. இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் இங்கிலீஷ் சொல், கீழே சின்னப் படம். நாளைக்கு ஐந்து சொல் போதும். பள்ளிப் பாடத்துக்கு ஒரு வாரம் முன்னால் அந்தச் சொற்களைப் பழகிவிட வேண்டும். அப்போது வகுப்பில் டீச்சர் அந்தச் சொல்லை எடுக்கும்போது, 'இது எனக்குத் தெரியும்' என்ற உணர்வு வரும். நம்பிக்கை என்பது அங்கேதான் முளைக்கிறது, செய்து முடித்த ஒன்றிலிருந்து. ஆல்பர்ட் பந்துரா என்ற உளவியலாளர் 1977ல் இதைத்தான் எழுதினார்: என்னால் முடியும் என்ற எண்ணத்துக்கு மிக வலுவான ஊற்று, தானே ஒன்றைச் செய்து ஜெயித்த அனுபவம். மற்றவர் தரும் ஊக்கமெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைப் படிக்கும் எட்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி வந்த பிள்ளையை முதல் இரண்டு மாதம் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லாதீர்கள். கணக்கிலும் படம் வரைவதிலும் முதலில் போர்டுக்குக் கூப்பிடுங்கள். 27ஐ 3ஆல் வகுத்தால் எந்த மொழியிலும் 9 தான். அங்கே ஜெயிக்கட்டும். வரலாற்றுக் கேள்விக்குத் தமிழில் எழுதிவிட்டு அப்புறம் மாற்றட்டும். உங்களுக்குத் தமிழ் தெரியாவிட்டால் பக்கத்துப் பெஞ்சில் தெரிந்த பிள்ளை கட்டாயம் இருக்கும்.

செம்பூர், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்: நான் எல்லாருக்கும் "வெரி குட்", "சூப்பர்" சொல்றேன் மேடம். ஒண்ணும் மாறல.

எல்லாருக்கும் சொல்வதால்தான் மாறவில்லை. பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியும், எல்லா நோட்டிலும் இருக்கும் 'வெரி குட்'டுக்கு என்ன மதிப்பு என்று.

க்ளாடியா முல்லர், கேரல் ட்வெக் இருவரும் 1998ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர் கொடுத்தார்கள். முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றார்கள், சிலரிடம் "நல்லா உழைச்சிருக்க" என்றார்கள். அந்த ஒரு வரிதான் வித்தியாசம். புத்திசாலி என்று கேட்டவர்கள் அதற்குப் பிறகு சுலபமான புதிரைத் தேடினார்கள். கஷ்டமானது வந்ததும் சோர்ந்துபோனார்கள், தங்கள் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொன்னவர்களும் அந்தப் பக்கமே அதிகம். பாராட்டு கையில் கிடைத்த கண்ணாடிப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது, உடைந்துவிடக் கூடாதே என்ற பயம்.

எனவே பார்த்ததைச் சொல்லுங்கள். "நேத்து கடன் வாங்கிக் கழிக்க மறந்துட்ட, இன்னிக்கு மூணு கணக்குலயும் வாங்கியிருக்க." இதைச் சொல்ல அந்த நோட்டை நீங்கள் உண்மையாகவே பார்த்திருக்க வேண்டும். பிள்ளைக்கு இனிப்பதும் அதுதான்.

கோவண்டி ஆசிரியர்: கிளாஸ்ல 58 பேர். ஒவ்வொருத்தர் மனசையும் எப்படிப் பார்க்கிறது?

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க வகுப்பில் 30 பேருக்கு ஓர் ஆசிரியர், ஆறு முதல் எட்டு வரை 35க்கு ஒருவர். 58 என்பது உங்கள் குற்றம் இல்லை. நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவேட்டில் பென்சிலால் புள்ளி வையுங்கள். அந்த ஐந்து பேரிடம் பாடம் அல்லாத ஒரு வார்த்தை: "தம்பிக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" பன்னிரண்டு பள்ளி நாளில் வகுப்பு முழுக்க ஒரு சுற்று வந்துவிடும். புள்ளி விழாமலே போகும் பெயர்கள் யாருடையவை என்றும் பாருங்கள், பெரும்பாலும் சத்தம் போடாத பெண் பிள்ளைகள்.

தாராவி, ஒரு அம்மா: "நாலு அடி போட்டு வழிக்குக் கொண்டு வாங்க டீச்சர்"னு நானே சொல்லியிருக்கேன். இந்தக் காலத்து டீச்சருங்க அடிக்கிறதே இல்ல. அதனாலதான் பிள்ளைங்களுக்குப் பயம் இல்ல.

அடிப்பது 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி தடை. உடலை வருத்துவது மட்டுமில்லை, மனசை வருத்துவதும் அதே பிரிவில் தடை. இரண்டாவதைத்தான் நாங்கள் பலர் படிக்கத் தவறினோம்.

நான் கை ஓங்கியவள் இல்லை. ஆனால் தேர்வுத் தாளை மதிப்பெண் வரிசையில் கொடுப்பேன், மேலிருந்து கீழ். கடைசித் தாள் யாருக்கு என்று வகுப்பே காத்திருக்கும். ஒரு பையன் தாள் கொடுக்கும் நாளில் மட்டும் சரியாகத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். மூன்றாவது தடவைதான் எனக்கு உறைத்தது. அடுத்த வருடத்திலிருந்து வருகை எண் வரிசையில், தாளை மடித்துக் கொடுத்தேன். ஆனால் அந்தப் பையன் ஆறாவதோடு நின்றுவிட்டான். அதற்கு நான் மட்டும்தான் காரணமா, தெரியாது. எனக்கும் பங்கு உண்டு என்று தெரியும்.

பயந்த பிள்ளை அமைதியாக இருக்கும், உண்மைதான். பாடம் கேட்கிறது என்று அர்த்தம் இல்லை அம்மா. அது அடுத்த அடி எங்கிருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

மாட்டுங்கா, நான்காம் வகுப்பு ஆசிரியை: வாயால கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்றான். எழுத உட்கார்ந்தா எழுத்து இடம் மாறுது, ஒரு வரி வாசிக்க அஞ்சு நிமிஷம். சோம்பேறின்னு எல்லாரும் சொல்றாங்க.

முதலில் கண், காது பரிசோதனை. அது சரியென்றால் கற்றல் குறைபாடா என்று பார்க்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் சேர்ந்திருக்கிறது. நம் ஊரில் சயன் ஆஸ்பத்திரியிலும் நாயர் ஆஸ்பத்திரியிலும் பரிசோதித்துச் சான்றிதழ் தருகிறார்கள். பலமுறை அலைய வேண்டியிருக்கும், பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்பு போர்டு தேர்வில் கூடுதல் நேரம் முதலிய சலுகைகள் உண்டு. அதுவரை வாய்மொழித் தேர்வு வையுங்கள்.

'சோம்பேறி' என்ற சொல்லை இன்றே நிறுத்துங்கள். மற்ற பிள்ளை ஒரு பக்கம் எழுதும் உழைப்பை அவன் ஒரு வரிக்குப் போடுகிறான்.

பெயர் வேண்டாம் என்ற ஆசிரியை: ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு, கையில கீறல். "செத்துரலாம்னு இருக்கு"ன்னு சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு சத்தியம் கேட்கிறா.

இதற்கு அன்றே உங்களுக்குப் போன் செய்து பேசிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

சத்தியம் பண்ணாதீர்கள். "உன்னைக் காப்பாத்தத் தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்வேன், யார்கிட்டன்னு உனக்கு முதல்ல சொல்வேன்" என்று சொல்லுங்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாதீர்கள். தலைமையாசிரியருக்கும் வீட்டுக்கும் அன்றே தெரிய வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். வீட்டிலேயே ஆபத்து என்று சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளியின் பெயர் கெடும் என்று மறைப்பது குற்றம். நீங்களே துருவித் துருவி விசாரிக்காதீர்கள், அதே கதையை அந்தப் பிள்ளை எத்தனை பேரிடம்தான் சொல்லும்?

ஆன்டாப் ஹில் ஆசிரியை: எல்லார் மனசையும் பார்க்கச் சொல்றீங்க. எங்க மனசு?

நியாயமான கோபம். சென்சஸ், தேர்தல் வேலை, ஆன்லைன் பதிவு எல்லாம் உங்கள் தலையில். நான் பிழைத்தது இரண்டு சக ஆசிரியைகளால். மாலை சயன் ஸ்டேஷன் வரை மூவரும் நடந்தே போவோம். அன்றைக்கு நடந்ததையெல்லாம் அந்த நடையில் கொட்டிவிட்டுத்தான் வண்டி ஏறுவோம். முன்னே சொன்ன 14416 உங்களுக்கும்தான்.

தாராவி, ஒரு அம்மா: எங்க கோலிய, அதான் ஒத்த ரூம் வீட்ட, இடிக்கப் போறாங்களாம், வேற இடம் போகணும். பையன் ரெண்டாவது படிக்கிறான். கிளாஸ் டீச்சர்கிட்ட என்ன கேட்கலாம்?

வழியனுப்பச் சொல்லிக் கேளுங்கள். திடீரென்று ஒருநாள் அவன் இடம் காலியாக இருக்கக் கூடாது. அவனுக்கும் நல்லதில்லை, மிச்சப் பிள்ளைகளுக்கும் நல்லதில்லை. கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில் அவனுக்காக ஏதாவது வரைந்து கொடுக்கட்டும். வகுப்புப் படம் ஒன்று, அவனுடைய பழைய நோட்டு ஒன்று.

கூடவே புது டீச்சருக்கு அரைப் பக்கக் கடிதம். அதில் அவன் மதிப்பெண் வேண்டாம். எதில் சந்தோஷப்படுவான், எதற்குப் பயப்படுவான், எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பான், இந்த மூன்றும் போதும். டீச்சருக்கு நேரம் இல்லையென்றால் நீங்கள் சொல்லச் சொல்ல மூத்தவள் எழுதட்டும், டீச்சர் கையெழுத்து மட்டும் போடட்டும். முதல் நாள் அவன் பையில் முன் ஜிப்பில் வையுங்கள்.