ஒரே பாடம், இரண்டு எண்: மகன் படித்தது வீணாகுமா?

ஃப்ரீமான்ட்டிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "என் மகன் 2024 ஃபாலில் (இலையுதிர் பருவத்தில்) டி ஆன்சா கல்லூரியில் சேர்ந்தான். பிறகு யூசி எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு மாறி கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க நினைக்கிறான். முதல் குவார்ட்டரிலேயே ஈடபிள்யூஆர்டி 1ஏ என்ற ஆங்கிலக் கட்டுரைப் பாடத்தை முடித்து பி வாங்கினான். இப்போது 2025 ஃபாலுக்கான பட்டியலைப் பார்த்தால் அந்தப் பாடமே இல்லை, இங்கிலீஷ் சி1000 என்று ஏதோ இருக்கிறது. அதை மறுபடி எடுக்க வேண்டுமா? பள்ளியில் படிக்கும்போதே கோடை விடுமுறையில் ஓலோனி கல்லூரியில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்திருந்தான். அங்கே அது மேத் 159. அதுவும் போச்சா? ஒரு வருடம் வீணாகிவிட்டதோ என்று இவர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை."

எடுக்க வேண்டாம் அம்மா. உங்கள் வீட்டுக்காரரை முதலில் தூங்கச் சொல்லுங்கள். ஈடபிள்யூஆர்டி 1ஏ என்ற பழைய பாடம்தான் பெயர் மாறி இங்கிலீஷ் சி1000 ஆகியிருக்கிறது. உங்கள் மகன் வாங்கிய பி அப்படியே இருக்கும். சொல்லப்போனால், சி அல்லது அதற்கு மேல் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தாலும் யூசி அதற்கு இரண்டாம் முறை மதிப்புத் தராது. காசும் நேரமும்தான் போகும்.

நம் ஊர்ப் பெற்றோர் இதில் குழம்புவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டர் கணக்குப் பாடம் எம்ஏ3151. இணைப்புக் கல்லூரி நாகர்கோவிலில் இருந்தாலும் ஓசூரில் இருந்தாலும் அதே எண், அதே சிலபஸ், ஒரே நாளில் ஒரே வினாத்தாள். அந்தப் பழக்கத்தோடு கலிஃபோர்னியாவுக்கு வந்தால் தலை சுற்றத்தான் செய்யும். இங்கே 116 கம்யூனிட்டி கல்லூரிகள் (முதல் இரண்டு ஆண்டு படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாற உதவும் கல்லூரிகள்), 73 மாவட்ட நிர்வாகங்கள். பாடத்தை வகுப்பதும் எண் வைப்பதும் அந்தந்தக் கல்லூரி ஆசிரியர்களின் உரிமை. விளைவைப் பாருங்கள்: 2025 வரை முதலாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம் டி ஆன்சாவில் ஈடபிள்யூஆர்டி 1ஏ, ஓலோனியில் இங்கிலீஷ் 101ஏ. ஃபுட்ஹில்லில் இங்கிலீஷ் 1ஏ. ஃபுட்ஹில்லும் டி ஆன்சாவும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கும் அக்கா தங்கைக் கல்லூரிகள். அவற்றுக்குள்ளேயே இந்தக் கதை!

நடுவில் சி-ஐடி என்று ஒரு பொது அடையாள எண்ணும் கொண்டுவந்தார்கள். ஆனால் கல்லூரியின் சொந்த எண்ணை எடுக்காமல் பக்கத்தில் இதையும் ஒட்டியதால், ஆளுக்கு வீட்டுப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று என்பது போல ஆயிற்று. மாணவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பையன், வீடு மாறியதால் கல்லூரியும் மாறியவன், ஸ்டாட்டிஸ்டிக்ஸை இரண்டு கல்லூரிகளில் இரண்டு எண்களில் படித்து முடித்திருந்தான். இரண்டாம் முறை அவனைச் சேர்த்துக்கொண்ட அலுவலகமும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டிலும் ஏ வாங்கியிருந்தான், பாவம். ஒன்றுக்குத்தான் கணக்கு.

இந்தக் கூத்துக்கு முடிவு கட்டத்தான் 2021-இல் ஏபி 1111 என்ற சட்டம் வந்தது. சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் மார்க் பெர்மன், கையெழுத்திட்டவர் ஆளுநர் நியூசம். எல்லாக் கம்யூனிட்டி கல்லூரிகளும் பொதுப் பாடங்களுக்கு ஒரே எண் வைக்க வேண்டும் என்பது சட்டம். முதலில் 2024 ஜூலை என்று கெடு வைத்தார்கள், முடியவில்லை. இப்போது அது 2027 ஜூலைக்குப் போயிருக்கிறது. வேலைக்காக 10.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 116 கல்லூரிகளின் ஆசிரியர்கள் உட்கார்ந்து ஒரே பாடத்திட்டத்தை ஒத்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமா!

முதல் தவணையாக 2025 ஃபாலில் ஆறு பாடங்கள் மாறின. இங்கிலீஷ் சி1000, அதன் அடுத்த படியான இங்கிலீஷ் சி1001, மேடைப்பேச்சுக்கு காம் சி1000, அமெரிக்க அரசியலுக்கு போல்ஸ் சி1000, உளவியலுக்கு சைக் சி1000, புள்ளியியலுக்கு ஸ்டாட் சி1000. எண்ணுக்கு முன்னால் நிற்கும் சி, 'காமன்' என்பதன் அடையாளம். கடைசியில் எச் இருந்தால் ஹானர்ஸ் வகுப்பு. எண்ணோடு தலைப்பும் அடிப்படைப் பாடப்பொருளும் முன்தகுதியும் ஒன்றாகிவிடும். அதற்கு மேல் கல்லூரி தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மகனின் ஓலோனி ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இந்த ஆறில் ஒன்றாகிவிட்டது. அதையும் அவன் மறுபடி எடுக்க வேண்டாம். அடுத்து அவன் எடுக்க வேண்டிய ஆங்கிலப் பாடம் சி1001. யூசிக்கு ஆங்கிலத்தில் இரண்டு பாடங்கள் கட்டாயம்.

டிரான்ஸ்கிரிப்டில் (கல்லூரி தரும் மதிப்பெண் பட்டியலில்) பழைய எண் பழைய எண்ணாகவே இருக்கும், யாரும் அதைத் திருத்த மாட்டார்கள். யூசி விண்ணப்பத்தில் டிரான்ஸ்கிரிப்டில் உள்ளபடியே போட வேண்டும். "இப்போது பெயர் மாறிவிட்டதே" என்று பிள்ளைகள் தாங்களாகவே ஈடபிள்யூஆர்டி 1ஏ-வை இங்கிலீஷ் சி1000 என்று மாற்றி நிரப்பினால், பிறகு டிரான்ஸ்கிரிப்டோடு ஒத்துப்போகாமல் கேள்வி வரும்.

இதோடு நிறுத்தினால் நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். ஆனால் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை அங்கேதான். இந்த ஆறு பாடங்களும் பொதுக்கல்விப் பாடங்கள். பொறியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைகள் முதலில் பார்ப்பது கால்குலஸ், இயற்பியல், புரோகிராமிங் போன்ற மேஜர் பாடங்களை. அந்த வரிசைகள் இந்த முதல் தவணையில் இல்லை.

கால்குலஸையே எடுத்துக்கொள்ளுங்கள். டி ஆன்சா குவார்ட்டர் முறை (குறுகிய பருவங்கள்), அங்கே மேத் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்கு துண்டு. ஓலோனி செமஸ்டர் முறை (நீண்ட பருவங்கள்), 101ஏ, 101பி, 101சி என்று மூன்றே துண்டு. ஒரே தோசையை ஒருவர் நாலாக வெட்டுகிறார், இன்னொருவர் மூன்றாக வெட்டுகிறார். டி ஆன்சாவில் 1ஏ முடித்தவன் கோடையில் ஓலோனி 101பி-யில் உட்கார்ந்தால், நடுவில் ஒரு துண்டு யாரிடமும் படிக்காமல் விட்டுப்போகும். கோடையில் ஒரு பாடத்தை முடித்துவிடலாமே என்ற ஆசையில் பல வீடுகளில் இது நடக்கிறது. ஒரு வரிசையைத் தொடங்கிய கல்லூரியிலேயே முடிக்கச் சொல்லுங்கள்.

எண்ணை நம்பாமல் அசிஸ்ட் இணையதளத்தை நம்புங்கள். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடத்தை யூசியும் சிஎஸ்யூவும் (கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகம்) எதற்கு ஈடாக எடுத்துக்கொள்கின்றன என்பதற்கு அதுதான் அதிகாரப்பூர்வமான இடம். கல்வியாண்டு, கல்லூரி, பல்கலைக்கழகம், மேஜர் நான்கையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்தியாக வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகப் பாடம், வலப்பக்கம் உங்கள் கல்லூரிப் பாடம். வலப்பக்கம் இரண்டு மூன்று பாடங்களைக் கட்டி நடுவில் 'மற்றும்' போட்டிருந்தால், அத்தனையும் முடித்தால்தான் இடப்பக்கப் பாடத்துக்குக் கணக்கு. கல்வியாண்டைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். ஆங்கிலத்துக்கு 2024-25 பக்கத்தில் பழைய எண் வரும், 2025-26 பக்கத்தில் புதிய எண் வரும். பாடம் படித்த ஆண்டின் பக்கத்தைத் திறக்க வேண்டும். தேடிப் பார்த்துக் காணோம் என்று பதறும் பெற்றோரில் பாதிப்பேர் தவறான ஆண்டைத் திறந்தவர்கள்.

டாலஸில் இருக்கும் உறவினர் "எங்கள் ஊரில் இதெல்லாம் பிரச்சினையே இல்லை" என்று சொல்லியிருப்பார். அவர் சொல்வது சரிதான். டெக்சாஸில் பொது எண் முறை முன்பே உண்டு. இங்கிலீஷ் 1301 என்றால் முதல் 1 முதலாண்டு, அடுத்த 3 மூன்று கிரெடிட். ஃப்ளோரிடாவில் 1970களிலிருந்தே இருக்கிறது, அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களும் அதே எண்ணைத்தான் வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியா சட்டம் கம்யூனிட்டி கல்லூரிகளோடு நின்றுவிட்டது. பெர்க்லி, சான் ஹோசே ஸ்டேட் போன்ற பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த எண்களோடுதான் தொடர்கின்றன. அதனால்தான் அசிஸ்ட் பார்க்கும் வேலை நமக்கு இன்னும் தீரவில்லை.

மகன் யூசிக்கு மாற நினைத்தால், மாறும் ஃபாலுக்கு முந்தைய ஆண்டிலேயே விண்ணப்ப நாள் வந்துவிடும். டாக் எனப்படும் சேர்க்கை உறுதிக்கு செப்டம்பர் மாதம் முழுவதும் விண்ணப்பிக்கலாம். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள்தான் அதைத் தருகின்றன. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இந்த ஆறில் எல்லா வளாகமும் தந்துவிடாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். யூசி பொது விண்ணப்பத்தை ஆகஸ்டிலிருந்தே நிரப்பத் தொடங்கலாம், அனுப்புவது அக்டோபரில் தொடங்குகிறது.

அதற்கு முன், ஓலோனியிலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் டி ஆன்சாவுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று இன்றே பார்க்கச் சொல்லுங்கள். பள்ளிக் காலத்தில் எடுத்ததுதானே என்று பிள்ளைகள் அதை விட்டுவிடுகிறார்கள். யூசி விண்ணப்பத்தில் படித்த எல்லாக் கல்லூரிகளையும் காட்ட வேண்டும், கோடையில் ஒரே ஒரு பாடம் படித்ததாக இருந்தாலும்.